ராஜபாளையத்துக் கடையில் ஓர் ஆளுயரக் கண்ணாடி

பேல் என்கிற துணிமூட்டையைப் பிரித்தால் ஒரு வாசம் எழும். கஞ்சி, சணல் சாக்கு, லாரியில் வந்த வழியெல்லாம் துணி குடித்த வெயில், எல்லாம் சேர்ந்த வாசம். போன வருஷம் சிங்கப்பூரில் ஒரு துணிக்கடைக்கு அலமாரி அளவெடுக்கப் போயிருந்தேன். கடைக்காரர் பின்கட்டில் ஒரு மூட்டையின் வயிற்றைக் கத்தியால் கீறினார். என் கையிலிருந்த அளவு நாடா சரசரவென்று சுருண்டு கூட்டுக்குள் ஓடிவிட்டது. நானும்தான். சிங்கப்பூர் போன இடம் தெரியவில்லை. ராஜபாளையத்தில், தென்காசி ரோட்டில், ஜமாலின் கடைப் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

ஜமால் எனக்குக் கல்லூரித் தோழன். எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரே விடுதி அறை. படிப்பு முடிந்ததும் நான் பம்பாய்க்கு ரயிலேறி, கடைகளுக்கு உள்ளலங்காரம் வரைகிறவன் ஆனேன். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் காதர் நடத்திய துணிக்கடையில், அண்ணனுக்குப் பக்கத்து மெத்தையில் உட்கார்ந்தான். பத்து வருஷம் உட்கார்ந்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. ராஜபாளையத்தில் தனிக்கடை போடுகிறானாம். நான் வரைந்து தர வேண்டுமாம். அகலம், நீளம் இரண்டையும் காலடியால் அளந்து எழுதியிருந்தான்.

நான் அந்தத் தெருவைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. பம்பாயில் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வரைந்தேன். கடை சின்னது. சின்னதைப் பெரிதாக்க எங்களிடம் ஒரு வித்தை உண்டு. வாசலுக்கு நேரெதிரே ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி. நுழைகிறவருக்கு ஒரு கடை இரண்டாகிவிடும். தரைக்கு அடர்ந்த கருஞ்சிவப்பு விரிப்பு, கவுண்டருக்குக் கறுப்புப் பலகை. படம் வெறுமையாக இருக்கக்கூடாதே என்று வாடிக்கையாளர்களையும் வரைந்தேன். கைப்பை மாட்டிய, கழுத்து நீண்ட, உயரமான பெண்கள். சுருட்டித் தபாலில் அனுப்பினேன். கடை எழுந்தது. ஆனி மாதம் திறப்புவிழாப் பத்திரிகை வந்தது. புரட்டாசி பிறக்குமுன் இன்னொரு கடிதம்:

"கடை அழகாக இருக்கிறது. ஆள் வரவில்லை. தீபாவளிக்குள் ஓடவில்லையென்றால் பூட்டிவிட்டு அண்ணன் கடைக்கே திரும்பிவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ வந்து பார்."

மதுரையிலிருந்து நான் வந்த பேருந்து கிருஷ்ணன்கோவில் தாண்டுமுன் டயர் வெடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"செத்த நேரம் எறங்கி நில்லுங்க. ஜாக்கி இல்ல. பின்னாடி வாற வண்டிக்காரன்ட்டதான் வாங்கணும்" என்றார் நடத்துநர்.

"பின்னாடி வாறவன்ட்டயும் இல்லைன்னா?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"அவனும் நிப்பான். உங்களுக்குப் பேச்சுத்துணைக்கு ஆளு கூடும்."

இன்ஜினியரிங் கல்லூரிப் பேருந்து ஒன்று எங்களைப் பார்த்துக் கூச்சலிட்டுக்கொண்டே கடந்து போனது. ஜன்னலெல்லாம் கைகள். சாலையோர டீக்கடைக்கு நடந்தேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் தோள்துண்டை எடுத்துப் பெஞ்சைப் பட்பட்டென்று தட்டினார். துண்டைவிடப் பெஞ்சு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தத் தட்டலில் எனக்கென்று ஒரு இடம் பிறந்தது. பம்பாயில் நான் அமைத்த எந்தக் கடையிலும் யாரும் எனக்காக எதையும் தட்டிவிட்டதில்லை. கொய்யாப்பழத்தைக் கீறி மிளகாய்ப்பொடியும் உப்பும் வைத்துத் தந்தார். மேற்கே மலை, மழையை வைத்துக்கொண்டு தருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அடுத்து வந்த வண்டியில் நின்றபடியே பயணம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் ஜன்னல் ஜன்னலாக நகர்ந்து மறைந்தது. ராஜபாளையத்தில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது.

கடை, நான் வரைந்தபடியே இருந்தது. கோடு பிசகவில்லை. பார்க்காத பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கிற தகப்பனைப்போல எதிர்ச்சாரியிலேயே நின்றேன். பிறகு படியேறிக் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். எதிரே ஒருவன் வந்தான். சட்டை கசங்கி, தலை கலைந்து, புருவமெல்லாம் செம்மண். என்னையறியாமல் கை சட்டைப்பைக்குப் போய்ச் சீப்பை எடுத்தது. சீவி முடித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தேன். அதை ஒரு செய்தியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடி எவ்வளவு பொருத்தமாக நிற்கிறது என்றுதான் மகிழ்ந்தேன்.

"மாப்ளே!"

குரல் வெளியே பக்கத்துச் சந்திலிருந்து வந்தது. ஜமால். மடித்துக் கட்டிய கைலி, தலை நிறையத் துணிப்பஞ்சு. பேல் பிரித்துக்கொண்டிருந்தானாம். நான் வெளியே வந்து கட்டிப்பிடிக்கப் போனேன். "இரு இரு, ஒட்டிக்கிடும். நீ முன்னாடி போ. நான் இப்பிடிச் சுத்தி வாரேன்" என்று சந்து வழியே பின்வாசலுக்குப் போய்விட்டான். அந்த வாசம் அங்கிருந்துதான் வந்தது.

அன்று இரவு அவன் மனைவி ஜீனத் இடியாப்பமும் ஆணம் என்கிற கறிக்குழம்பும் வைத்தாள். "அண்ணே, இவுக தூங்கியே ஒரு மாசமாச்சு. கடையில என்ன குத்தம்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. இடிக்கணும்னாலும் இடிச்சிருவோம்" என்றாள். ஜமால் இடியாப்பத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். சாப்பிடவில்லை.

மறுநாள் காலையிலிருந்து ஒரு ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கடையில் வேலைக்கு ஒரே ஆள், செல்லையா. காதர் அண்ணன் கடையில் இருபது வருஷம் சேலை விரித்தவர். ஜமால்மீது கொண்ட பிரியத்தில் கூடவே வந்துவிட்டவர். நாக்கில் முள் உண்டு.

"சார், நீங்க போட்ட படத்த நானும் பாத்தேன். ரொம்ப அம்சமா இருக்கு. அதுல நிக்காகள்ல பொம்பளையாளுக, அவிய எந்த ஊரு? சொன்னீகன்னா ஒரு கார்டு எழுதிப்போட்டு வரச்சொல்லுவேன்."

"செல்லையாண்ணே, சும்மாருங்க" என்றான் ஜமால்.

"நான் சும்மாத்தான முதலாளி இருக்கேன். மூணு மாசமா."

காலையில் வந்தவர்கள் கொஞ்சம் பேர். ஒரு வாத்தியார், ஒரு வங்கிக்காரர் மனைவி. கறுப்புக் கவுண்டரில் அவர்கள் கை எடுத்த இடத்தை ஜமால் மஞ்சள் துணியால் உடனே துடைத்தான். கறுப்பில் எல்லாம் தெரிந்தது. விரல் ரேகை, நூல் பிசிறு, தூசி. ஒரு ஊதாச் சேலையின் நிறத்தைப் பார்க்க அந்த அம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே போனார். கதவுக்கு நான் சொல்லி ஒட்டியிருந்த கருநிறத்தாள் ஊதாவைப் பழுப்பாக்கியிருந்தது. நோட்டில் குறித்துக்கொண்டேன். இவையெல்லாம் சின்னக் குற்றங்கள். ஆனால் இவற்றுக்காக ஒரு ஊர் ஒரு கடையை ஒதுக்குமா?

நாலு மணிக்கு மில் சங்கு ஊதியது. நீளமாக, மலையில் போய் முட்டித் திரும்புகிற சத்தம். செத்த நேரத்தில் சாலை நிறைந்தது. பெண்கள், கூட்டம் கூட்டமாக, வேகநடை. ராஜபாளையத்தில் துணி வாங்குகிற கை அந்தக் கைதான் என்றார் செல்லையா. நான்கைந்து பேர் கடைப்பக்கம் திரும்பினார்கள். ஒருத்தி படியேறினாள். கதவைத் தள்ளினாள். ஒரு கால் உள்ளே வந்தது. நின்றாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டாள். திரும்பிப் போய்விட்டாள். மற்றவர்களும் அவளோடு போனார்கள். இன்னொரு கூட்டம். அதிலும் அப்படியே.

"பாத்தியா?" என்றான் ஜமால். "வாசல்ல என்னமோ இருக்குடா. திருஷ்டிங்கான் ஒருத்தன். மூலை சரியில்லைங்கான் இன்னொருத்தன். ஓதி ஊதிக்கூடப் பாத்துட்டேன்."

"கதவுதான்" என்றேன் நான், மருத்துவர் தோரணையில். "கண்ணாடிக் கதவைத் தள்ளக் கூச்சப்படறாங்க." கதவை விரியத் திறந்து ஒரு கல்லை முட்டுக் கொடுத்தோம். அடுத்து வந்தவள் கல்லைத் தாண்டி ஒரு அடி கூடுதலாக வந்து, பிறகு திரும்பினாள்.

மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். காதர் அண்ணன் கடை ஏன் ஓடுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

அந்தக் கடைக்கு உள்ளலங்காரம் என்று எதுவுமில்லை. தரையில் மெத்தை, மெத்தைமேல் வெள்ளை விரிப்பு. வாசலில் மண்பானையும் ஒரு செம்பும். பேருந்தில் வந்தவர்கள் கைகால் கழுவி, செருப்பை உதறிவிட்டு, பையைப் பக்கத்தில் போட்டு, "அப்பாடா" என்று உட்கார்ந்தார்கள். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்து முழுசாகக் கால்மணி நேரம் துணியைப் பற்றியே பேசவில்லை. மழை, மாடு, மருமகள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

காதர் அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க தம்பி. பம்பாய்லருந்து படம் போட்டவுகளா? கடை என்ன சொல்லுது?"

"பார்த்துக்கிட்டிருக்கேன் அண்ணே."

"பாருங்க பாருங்க. கடையத்தான் எல்லாரும் பாக்காக. வாங்கத்தான் ஆளக் காணோம்." சிரிக்கவில்லை. பக்கத்தில் ஒரு திண்டு காலியாகக் கிடந்தது. அதன்மேல் பித்தளைப் பூண் போட்ட ஒரு மீட்டர் கோல். "அது அவன் எடம். ஆரையும் உக்கார விடல. தீவாளி வரைக்கும் பாப்பேன். பொறவு அவன் இங்கன வந்துதான் ஆகணும்."

"அவன் தோத்துத் திரும்பணும்னு நினைக்கிறீங்களா?"

அவர் விரிப்பின் சுருக்கத்தை நீவினார். "தோக்கணும்னு எந்த அண்ணன் நெனப்பான்? இந்தப் பக்கம் திரும்பினா வெறும் திண்டா இருக்கு தம்பி. அதான்."

பால்கோவா வாங்கிக் கொடுத்து அனுப்பினார். கையில் சூடாக இருந்தது பொட்டலம்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியில் ஒரு மில் வாசலில் வண்டி நின்றது. சங்கு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். கையில் தூக்குச்சட்டி. தலையில் பஞ்சு, புருவத்தில் பஞ்சு, இமையில் பஞ்சு. பனி பெய்த ஊரிலிருந்து வந்தவர்கள்போல இருந்தார்கள்.

"ஏட்டி வெள்ளத்தாயி, தள்ளி உக்காரு. எட்டுமணி நேரம் நின்னது பத்தாதா?"

"வா, எம்மடியில உக்காரு. தாலாட்டும் பாடுதேன்."

வெள்ளத்தாய் என்பவள் எனக்கு முன்னிருக்கையில் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். அகலமான முகம், உரத்த குரல்.

"மகளுக்குத் தலைத்தீவாளில்லா. சேல எடுத்துட்டியா?"

"எங்கட்டி எடுத்தேன். வில்லிபுத்தூரு போகணும்னா ஒரு நாளு லீவு போடணும்."

"நம்ம ஊர்லயே புதுசா ஒரு பாய் கடை தொறந்திருக்காருல்லா, அங்கன போவமா?"

"அந்தக் கண்ணாடிக் கடைக்கா? நான் வரல தாயி."

"ஏன், வெல சாஸ்தியா?"

"வெலைய எவ கேட்டா? வாசலயே தாண்டலியே." வெள்ளத்தாய் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். பேருந்துக்கே சொன்னாள். "அன்னைக்கு சங்கு ஊதுனதும் நேரா போனேன். படியேறுதேன். எதுத்தாப்புல ஒருத்தி வாரா. தல பூரா நரைச்சு, கண்ணு குழி விழுந்து, பேயாட்டம். ஆருடா இந்தக் கெழவி, வழிய அடைச்சிக்கிட்டுன்னு நான் இடதுபக்கம் ஒதுங்குதேன். அவளும் ஒதுங்குதா. நான் வலதுபக்கம் வாரேன். அவளும் வாரா. மொறைச்சேன் பாரு, அவளும் மொறைக்கா. பொறவு பாத்தா அது நான்தாண்டி!"

பேருந்து குலுங்கிச் சிரித்தது. நடத்துநர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"சிரிங்கட்டி, சிரிங்க" என்றாள் வெள்ளத்தாய். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு குரல் இறங்கியது. "எனக்கு அன்னைக்கு சேலையே எடுக்கத் தோணல. இந்த மூஞ்சிக்கு எதுக்குப் புதுச்சேலன்னு வந்துட்டேன்."

இன்னொருத்தி மெதுவாகச் சொன்னாள்: "நானும் அப்பிடித்தாங்கா வந்தேன். வெளிய சொல்லல."

"எந்த நாசமாப்போறவன் கொண்டுவந்து மாட்டுனானோ அத, வாசலுக்கு நேரா!"

பால்கோவாப் பொட்டலம் என் மடியில் கனத்தது. வாயைத் திறக்காமலே இறங்கியிருக்கலாம். "நான்தாம்மா" என்றேன்.

வெள்ளத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ! அவியளா நீங்க? நாசமாப் போகாதீக சார், நல்லா இருங்க. தெரியாமச் சொல்லிட்டேன்." உடனே இன்னொரு கேள்வியும் வந்தது. "ஏன் சார், உங்க ஊர்லல்லாம் பொம்பளையாளுக வேலைக்குப் போயிட்டு வாறப்ப எப்பிடி இருப்பாக?"

பம்பாயில் என் ஜன்னலைத் திறந்தால் பாதி மூடிக்கிடக்கும் ஒரு மில்லின் புகைபோக்கி தெரியும். பஞ்சுத்தலையோடு போகிற கூட்டத்தைப் பத்து வருஷம் பார்த்தவன் நான். ஆனால் பென்சிலை எடுத்ததும் கைப்பைதான் வந்திருக்கிறது.

நோட்டை எடுத்தேன். "வேற என்ன இருந்தா வருவீங்க, சொல்லுங்க" என்றேன். ஆளாளுக்குச் சொன்னார்கள். தூக்குச்சட்டியை வைக்க ஒரு இடம். ஒரு கையில் சட்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எப்படிச் சேலையைத் தொட்டுப் பார்ப்பது? கை கழுவத் தண்ணீர். உட்கார இடம். "அந்தக் கறுப்புப் பலகையில கைய வச்சேன் சார். எடுக்குமுன்ன பாய் தொடைக்காரு. எங் கை என்ன சாக்கடையா?" என்றாள் ஒருத்தி. ஜமால் யார் மனமும் கோணக்கூடாது என்று நினைக்கிறவன். அவன் துடைத்தது அவனுக்குத் தெரிந்து பலகையைத்தான்.

அப்போதுதான் காதர் அண்ணன் கடையின் வெள்ளை விரிப்பு எனக்கு விளங்கியது. வெள்ளையில் பஞ்சு விழுந்தால் தெரியாது. யாரும் துடைக்க வேண்டியதில்லை. அந்த ரகசியம் காதர் அண்ணனுக்கே தெரியுமோ என்னவோ.

இறங்கிய வேகத்தில் ஜமாலிடம் சொன்னேன்: கண்ணாடியை எடுத்தாக வேண்டும்.

அவன் முகம் மாறிவிட்டது. "கடையில இருக்கிறதுலயே நல்ல பொருள் அதாண்டா. மதுரையிலருந்து லாரியில, மெத்தையச் சுத்தி, நான் நின்னுக்கிட்டே கட்டிப்பிடிச்சுக் கொண்டாந்தேன். மாப்பிள்ளை ஊர்வலத்துலகூட நான் அம்புட்டுப் பதனமா வந்ததில்ல. வந்து பாத்தவுக எல்லாரும் அதைத்தான் மெச்சுனாக. அதையும் எடுத்துட்டா என்ன இருக்கு எங்கிட்ட? அண்ணன் கடைதான் இருக்கு."

"நீயும் நானும் மெச்சினோம். நாம சேலை வாங்க வரலை."

"அவளுக கூச்சப்படுதாளுகன்னா கொஞ்ச நாள்ல பழகிருவாளுக."

பேல் பிரித்த வாசம் அவன் சட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. பஞ்சு காதோரம் ஒட்டியிருந்தது. முதல்நாள் சந்து நினைவுக்கு வந்தது.

"ஜமால், நான் வந்தன்னைக்கு என்னை முன்வாசல்ல அனுப்பிட்டு நீ ஏன் பின்னாடி சுத்திப் போனே?"

"ஏன்னா... பேல் பிரிச்ச கோலத்தோட முன்னாடி எப்பிடி..." வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அவனும் நின்றான். கண்ணாடியை ஒருமுறை பார்த்தான். கடை முதலாளி மூன்று மாதமாகத் தன் கடையின் முன்வாசலில் நுழைந்ததில்லை.

"செல்லையாண்ணே" என்று கூப்பிட்டான். "காலையில செத்த வெள்ளனவே வந்திருங்க."

மறுநாள் விடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினோம். ஈரச்சாக்கை இரண்டு பக்கமும் அணைத்து, ஜமால் தலைமாட்டில், நான் கால்மாட்டில், நடுவில் செல்லையாவும் இரண்டு சுமைக்காரர்களும். "மெள்ள, மெள்ள, மாப்பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும்" என்றார் செல்லையா. கடையின் கடைக்கோடியில், வாசலிலிருந்து தெரியாத பக்கச் சுவரில் நிறுத்தினோம். அதன்முன் திரைபோட்டது செல்லையாவின் யோசனை. "ஆருக்குப் பாக்கணுமோ அவிய வெலக்கிப் பாக்கட்டும். அது நம்மள வந்து பாக்க வேண்டாம்."

கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு பெஞ்சு. சுவரில் தூக்குச்சட்டிகளுக்கு வரிசையாகக் கொக்கிகள். தூணுக்குப் பின்னால், தெருவிலிருந்து தெரியாதபடி, ஒரு வாளித் தண்ணீர், உள்ளங்கையளவு கண்ணாடி, சங்கிலியில் கட்டிய சீப்பு. கவுண்டரில் பாதியைப் பெயர்த்துவிட்டு மெத்தை போட்டு வெள்ளை விரித்தோம். கதவில் ஒட்டிய கருநிறத்தாளை ஜமால் நகத்தாலேயே சுரண்டி எடுத்தான். வெயில் உள்ளே வந்து, ஊதா மறுபடி ஊதாவாயிற்று. மஞ்சள் துணியை நான் எடுத்து என் பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன். இன்றும் இருக்கிறது.

கடை பாதியாகச் சுருங்கிவிட்டது. என் தொழிலில் அது தோல்வி. அன்று சாயங்காலம் சங்கு ஊதியது. ஒருவரும் வரவில்லை. ஜமால் பெஞ்சில் உட்கார்ந்து கொக்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் எனக்குப் பேருந்து. பெட்டியைக் கடையிலேயே வைத்திருந்தேன். நாலு மணிச் சங்கு. கூட்டம் சாலையில் ஓடியது, ஒரு ஆறு ஊரைக் கடப்பதுபோல. அதிலிருந்து மூன்று பேர் பிரிந்தார்கள். முன்னால் வெள்ளத்தாய். படியில் கால் வைத்தவள், சண்டைக்குத் தயாராகத் தோளை நிமிர்த்திக்கொண்டு எதிரே பார்த்தாள். பெஞ்சுதான் இருந்தது.

"கெழவி எங்க போனா?" என்றாள்.

"உள்ள சேல பாத்துக்கிட்டிருக்கா" என்றார் செல்லையா. "நீங்க சட்டிய மாட்டிட்டு உக்காருங்க."

மூன்று தூக்குச்சட்டிகள் கொக்கியில் ஆடின. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தலையைச் சீவிக்கொண்டார்கள், அரைகுறையாக. மகளுக்கு மாம்பழ நிறத்தில் ஒரு சேலை எடுத்தாள் வெள்ளத்தாய். எடுத்துவிட்டும் எழுந்திருக்கவில்லை. கரும்பச்சையில் ஒன்றைத் திரும்பத் திரும்பத் தொட்டாள்.

"மேல போட்டுப் பாருங்கம்மா" என்றான் ஜமால். எழுந்து நிற்கவில்லை. துடைக்கவில்லை. வேறெங்கோ பார்த்தான்.

அவள் கரும்பச்சையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கோடிக்குப் போனாள். திரையைத் தானே விலக்கினாள். நெடுநேரம் நின்றாள். காதோரத்தில் இன்னும் கொஞ்சம் பஞ்சு இருந்தது. அதை எடுக்கவில்லை.

"பரவால்லட்டி" என்றாள், தோழிகளிடமா கண்ணாடியிடமா தெரியவில்லை.

அவர்கள் போவதற்குள் இன்னும் ஆறேழு பேர் உள்ளே இருந்தார்கள். தெருவில் நின்ற யாரிடமோ வெள்ளத்தாய் கையாட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். கொக்கி போதவில்லை. சட்டிகளைப் பெஞ்சுக்கடியில் வைத்தார்கள். ஜமாலும் செல்லையாவும் முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து விரித்தார்கள். ஒரு ஓரத்தில் நானும் ஜாக்கெட் துணி மடித்தேன்.

அந்த நேரத்தில் காதர் அண்ணன் வந்து நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. கண்ணாடியைக் கழற்றியதைக் கேள்விப்பட்டு என்ன நடக்கிறது என்று பார்க்க வந்திருக்கலாம். பேருந்துத் தூசியைத் துண்டால் தட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அரைமணி நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கொஞ்சம் தணிந்ததும் ஜமால் தலை நிமிர்ந்தான்.

"வாங்கண்ணே."

"ம்." காதர் அண்ணன் செய்தித்தாளைப் பிரித்தார். பித்தளைப் பூண் போட்ட மீட்டர் கோல். "தீவாளி வரைக்கும் பாக்க வேண்டியதில்ல" என்றார்.

ஜமால் கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தான். இப்போதே கடையைப் பூட்டச் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"இது அங்கன சும்மா கெடக்கு. இங்க வச்சுக்க. அந்த எடத்துக்கு எதுத்த வீட்டுக்காரன் மகன வரச்சொல்லிருக்கேன்." கோலை விரிப்பின்மேல் வைத்தார். கையை உடனே எடுக்கவில்லை. "ஏலே, தண்ணி நல்லா இருக்குமா? தாகமா இருக்கு."

ஜமால் தண்ணீர் எடுக்க எழுந்தவன், செம்பைத் தேடுகிற பாவனையில் பேல்களுக்குப் பின்னால் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு நான் ராஜபாளையம் போகவில்லை. சில தீபாவளிகளுக்கு வாழ்த்து அட்டைகள் வந்தன. என் முகவரி மாறியது, நான் எங்கெங்கோ அலைந்தேன், அட்டைகள் நின்றுபோயின. கடை இப்போது எப்படி இருக்கிறதோ தெரியாது. எத்தனையோ ஊர்களில் கடைகள் வரைந்துவிட்டேன். ஆனால் ஒரு பேலின் வாசம் என்னைக் கூட்டிப்போவது அந்த ஒரே கடைக்குத்தான்.

அன்று பேருந்து நிலையத்துக்கு ஜமால் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கடையிலிருந்து முன்வாசல் வழியாக, தலைநிறையப் பஞ்சோடு, தெரு பார்க்க. வண்டி நகரத் தொடங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். ஏதோ சொல்ல வந்து மூச்சிரைத்தான். பிறகு சத்தமாகச் சொன்னான்:

"அடுத்த கடைக்குப் படம் போடும்போது, மாப்ளே, அந்தக் கைப்பைய அழிச்சிட்டு ஒரு தூக்குச்சட்டிய வரைஞ்சிரு!"